மூன்று இலக்கத்துக்குள் மறையும் கைத்தொழில்

மிருதங்கம் கட்டுபவருக்குப் பலா மரம் தெரிந்திருக்க வேண்டும். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலையும் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லத் தெரிய வேண்டும். கிட்டக்கல் பொடியைச் சோற்றோடு குழைத்து, வலப்பக்கத் தோலான வலந்தலையில் அடுக்கடுக்காகத் தேய்த்துக் கரணை என்ற கரும்பூச்சை ஏற்றும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் நாதம் எப்படி மாறுகிறது என்று காது சொல்ல வேண்டும். தச்சு, தோல், இசை மூன்றும் சேர்ந்த இந்த வேலையை அரசின் தொழில் வகைப்பாடு எங்கே வைக்கிறது?

இந்தியாவின் 2015 தேசியத் தொழில் வகைப்பாடு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008 பட்டியலை ஒட்டியது. எட்டு இலக்கக் குறியீட்டில் முதல் நான்கு உலகப் பட்டியலிலிருந்து வருபவை. அடுத்த நான்கு இந்தியத் தொழில்களைத் தனித்தனியே காட்டுபவை. உலகப் பட்டியலின் 436 அடிப்படைப் பிரிவுகளில் 7312 என்பது இசைக்கருவி செய்பவர்கள், சுருதி சேர்ப்பவர்களுக்கானது. மிருதங்கம் கட்டுபவரும் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரும் அங்கே ஒரே பிரிவு. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடுகளை ஒப்பிட வேண்டுமானால் இப்படித் தொகுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் வேலைவாய்ப்பு நிலவரத்தைச் சொல்லும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு மூன்று இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே 731 என்றால் கைவினைஞர். மிருதங்கம் கட்டுபவர், பொற்கொல்லர், குயவர், கூடை முடைபவர், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். மாதிரி ஆய்வில் அரிய தொழிலுக்கு ஒருசிலரே அகப்படுவார்கள். அதை வைத்து மதிப்பீடு சொல்வது தவறாகிவிடும். அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன்.

ஏற்க முடியாதது திறன் நிலை. 2015-க்கு முந்தைய 2004 வகைப்பாடு திறனைப் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி ஆண்டுகளால் அளந்தது: இரண்டாம் நிலைக்கு 11 முதல் 13 ஆண்டுப் படிப்பு, நான்காம் நிலைக்கு 15 ஆண்டுக்கு மேல். கைவினைப் பிரிவு முழுவதும் இரண்டாம் நிலை. தகப்பனாரிடம் சிறுவயதிலிருந்து கற்று, வித்வான்கள் தேடி வரும் அளவுக்குத் தேர்ந்தவரின் திறன் அந்த அளவுகோலில் விழவே இல்லை. தலைமுறைகளாகத் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களைக் கீழே வைத்த சமூகத்தில், அரசு ஏடும் அவர்களைக் கீழ்ப்படியில் எழுதியது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் எல்லாத் தொழிலையும் தனித்தனியாக எழுதிவிட்டால் சரியாகிவிடுமா? அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. அதன் தொழில் பெயர் அகராதி 1991 பதிப்பில் 12,000-க்கும் மேற்பட்ட தொழில்களை விவரித்தது. பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. ஆனால் ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு வந்தவர்களிடம், “உங்களால் இந்த வேலை செய்ய முடியுமே” என்று சொல்லி மறுப்பதற்கு அதே அகராதிதான் பயன்பட்டது. காட்டப்பட்ட வேலைகளில் கொட்டை பொறுக்குவதும் மர ஆணி சோதிப்பதும் உண்டு. வழக்கொழிந்த 114 வேலைகளை அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் நீக்கியது 2024-இல்தான்.

ஆகவே பட்டியல் நீளமா, சுருக்கமா என்பதில் இல்லை கோளாறு. எண்ணுவதற்காகப் போட்ட பட்டியலை, யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தீர்மானிக்க எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. பெயர் போட்டு உதவி வழங்கும் திட்டங்களிலும் இதே ஆபத்து உண்டு. 2023-இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. தச்சர் உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு, பொம்மை செய்பவரும் உண்டு. இசைக்கருவி செய்பவருக்கு இடமில்லை. கருவிகள் வாங்க 15,000 ரூபாயும் குறைந்த வட்டிக் கடனும் வேண்டுமென்றால் அவர் தன்னைத் தச்சர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

உதவித் திட்டங்களின் தொழில் பட்டியலில் “இவை போன்ற பிற கைத்தொழில்கள்” என்று ஒரு வரி சேர்த்து, செய்யும் வேலையை நேரில் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தை மாவட்டத் தொழில் மையத்துக்குக் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தால், கைத்தொழில் செய்யும் நீங்களும் “கூலி வேலை” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். என்ன செய்கிறீர்கள் என்பதை முழுதாகச் சொல்லுங்கள்.