விரல் பார்க்கும் வண்ணம்

பெயின்ட் அடித்த கேம் கன்ட்ரோலர் ஒன்றை யாராவது கையில் கொடுத்தால் நான் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பிடிகளின் வளைவிலும் பெருவிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பேன். முன்மூடியும் பின்மூடியும் சேரும் இடத்தில் விரல் தட்டக் கூடாது. பட்டன் ஓட்டைகளின் விளிம்பில் பெயின்ட் திரண்டு நிற்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் கண்ணைத் திறப்பேன்.

காரணம் இருக்கிறது. சுவருக்கும் காருக்கும் அடிப்பது பார்க்கிறவர்களுக்காக. கன்ட்ரோலரையோ ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாருமே பார்ப்பதில்லை. கண் டிவியில் இருக்கும். கை மட்டும் மணிக்கணக்கில் விடாமல் பற்றியிருக்கும். உள்ளங்கை வியர்வை, முறுக்கு தின்ற விரலின் எண்ணெய்ப் பிசுக்கு, தோற்கப் போகிற கடைசி நிமிஷத்தில் இறுகும் பிடி, இத்தனையையும் அந்தப் பூச்சு தாங்கியாக வேண்டும். கண்ணைவிடத் தோலுக்கு அதிகம் பதில் சொல்ல வேண்டிய வண்ண வேலை இது.

என் அக்கா மகனிடம் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் ஒன்று இருந்தது. 2005இல் வந்த மாடல், வெள்ளை நிறம். பிடிகள் மட்டும் டீக்கறை ஏறிய கோப்பை போல ஆகியிருந்தன. அதன் உருவம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். இடது குச்சி மேலே, வலது குச்சி கீழே என்று இரண்டும் வேறுவேறு உயரத்தில் நிற்கும். ஆனாலும் கையில் எடுத்தால் ஒரு கோணலும் தெரியாது. தட்டையான இடம் என்று ஒன்று அதில் ஏறக்குறைய கிடையாது. எல்லாம் வளைவு, வளைவுக்குள் குழிவு. பெயின்டருக்கு அது வைக்கிற பரீட்சையே அதுதான்.

கோவையில் உக்கடம் பக்கம் ஒரு கார் பெயின்ட் பட்டறையில் அதைக் கொடுத்தேன். அங்கிருந்த அண்ணனுக்கு முப்பது வருஷமாக டிங்கரிங், பட்டி, பெயின்ட் மட்டுமே தொழில். வீடியோ கேம் ஆடியதே இல்லை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்க புடிப்பாங்க, காட்டுங்க தம்பி" என்றார். பிடித்துக் காட்டினேன். நடுவிரல் எங்கே படிகிறது, ஆள்காட்டி விரல் எங்கே கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டார். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த மாடலைக் கழற்றுவதற்கே பொறுமை வேண்டும். வெளியே ஆறு திருகுகள் தெரியும். நட்சத்திரக் குழியின் நடுவே சிறு முளை வைத்த திருகுகள், அதற்கென்று தனி முனை உள்ள ஸ்குரூ டிரைவர் வேண்டும். ஏழாவது திருகு பேட்டரி அறைக்குள் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். இது தெரியாமல் ஆறை மட்டும் கழற்றிவிட்டு நெம்புகிறவர்கள் மூடியைக் கீறல் விட வைத்துவிடுவார்கள்.

மூடி ஏபிஎஸ் பிளாஸ்டிக். லெகோ கட்டைகள் செய்கிற அதே பொருள். உறுதியானது, மணல்தாளுக்கு நன்றாக இணங்கும். ஆனால் அசிட்டோன் பட்டால் கரைந்து கூழாகிவிடும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் துடைத்து மூடியைப் பாழாக்கிக்கொண்டவர்கள் உண்டு. அண்ணன் பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, காய்ந்தபின் ஐசோபிரோபைல் ஆல்கஹாலால் துடைத்தார். அதற்குப்பின் வெறுங்கையால் தொடவே இல்லை. ஒரு விரல்ரேகை எண்ணெய் போதும், பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன்கண் மாதிரி சின்னச் சின்ன வட்டக்குழியாக நின்றுவிடும்.

பிறகு வாட்டர் பேப்பர். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த கட்டம் இது. 600 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியில் சுற்றி, வளைவோடு வளைவாகத் தேய்க்க வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் விரலின் தடமே பள்ளமாக விழும். முதலில் சரசரவென்று சத்தம் கேட்கும். வெள்ளைப் பால் போல பிளாஸ்டிக் மாவு வடியும். சிறிது நேரத்தில் சத்தம் மெலிந்து, தாள் வழுக்கத் தொடங்கும்; அப்போது 1000க்கு மாற வேண்டும். அண்ணன் தாளைப் பார்க்காமல், காதை வைத்தே மாற்றினார். வழவழப்பு போய் முட்டை ஓடு மாதிரி மங்கிய பரப்பு வந்ததும் பிரைமர் அடித்தார். வெறும் பிளாஸ்டிக்கில் நேராக நிறத்தை அடித்தால் ஒரே மாதத்தில் நகம் பட்ட இடமெல்லாம் உரிந்து வரும்.

மாஸ்கிங்கில்தான் அவருடைய கணக்கு தெரிந்தது. பிரைமர், நிறம், அதன்மேல் போடும் நிறமற்ற கிளியர் எல்லாம் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனம் வரும். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் பட்டனுக்கும் ஓட்டைக்கும் இடையே உள்ள சந்தே மயிரிழை. ஓட்டையின் உள்சுவரில் பெயின்ட் ஏறினால் அழுத்திய பட்டன் எழும்பாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எனவே ஒவ்வொரு ஓட்டைக்கும் மாஸ்கிங் டேப்பைக் குழலாகச் சுருட்டி உள்ளே செருகி, விளிம்புக்குச் சரியாக பிளேடால் வெட்டினார். டேப் விளிம்பைவிடத் துளி மேலே நின்றாலும் அங்கே பெயின்ட் அணை கட்டி மேடாகிவிடும். விளிம்புக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பது இந்த ஒரு நூலைத்தான்.

நிறம் பையன் கேட்டது: கேண்டி ஊதா. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். கேண்டி பெயின்ட் சாதாரண பெயின்ட் போல மறைக்கிற பெயின்ட் இல்லை. அடியில் வெள்ளி நிறம் அடித்து, அதன்மேல் சாயம் கலந்த, ஒளி ஊடுருவும் பூச்சை அடுக்கடுக்காகப் போட வேண்டும். வெளிச்சம் சாயத்துக்குள் இறங்கி, வெள்ளியில் பட்டுத் திரும்ப ஒருமுறை சாயத்தைக் கடந்து வெளியே வருகிறது. அதனால்தான் அந்த நிறத்துக்கு ஓர் ஆழம். தெளிந்த கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

அந்த அழகே அதன் கஷ்டமும். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் ஒரு படி கறுக்கும். முன்மூடிக்கு ஆறு முறை, பின்மூடிக்கு ஏழு முறை என்று போய்விட்டால் இரண்டையும் சேர்க்கும்போது இரண்டு வெவ்வேறு கன்ட்ரோலர்களை ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். பிடியின் நுனியில் ஸ்பிரே இரண்டு பக்கத்திலிருந்தும் விழுவதால் அங்கே தானாகவே கறுப்புத் தட்டும். அடியிலுள்ள வெள்ளித் துகள்கள் படுத்திருக்கும் சாய்வு மாறினாலும் நிறம் மாறும். ஆகவே இரண்டு மூடிகளையும் ஒரே கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில், வாய்க்குள் எண்ணிக்கொண்டே அடித்தார். ஏர்பிரஷ் காற்றிலேயே கிளம்பி, மூடியைக் கடந்து, காற்றிலேயே நின்றது. மூடியின்மேல் அது ஒருமுறைகூடத் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் அந்த இடம் வழிந்திருக்கும்.

ஐப்பசி மாதம், வெளியே மழை. கிளியர் கோட்டை அன்று அடிக்க மறுத்துவிட்டார். அதில் உள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பு சில்லென்று ஆகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பரப்பின்மேல் பனியாகப் படிந்து, பூச்சுக்குள் வெள்ளைப் புகையாக மாட்டிக்கொள்ளும். ஊதாவின்மேல் அந்த வெள்ளை விழுந்தால் பட்ட பாடெல்லாம் வீண். "வெயில் வரட்டுங்க தம்பி. நாவல்பழம் எங்கயும் ஓடிறாது" என்றார். நான்கு நாள் கழித்துத்தான் வெயில் வந்தது. கடினப்படுத்தும் திரவம் கலந்த கிளியர் என்பதால் முழு முகமூடி போட்டுக்கொண்டு, என்னைப் பட்டறைக்கு வெளியே நிற்கச் சொல்லி அடித்தார். அந்த ஆவி நுரையீரலுக்குப் பொல்லாதது. வீட்டு மொட்டை மாடியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது.

பட்டன்களைத் தொட வேண்டாம் என்று சொன்னது நான். எல்லாவற்றையும் ஒரே நிறமாக அடித்துவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இந்தக் கன்ட்ரோலரில் ஏ பச்சை, பி சிவப்பு, எக்ஸ் நீலம், ஒய் மஞ்சள். விளையாட்டுத் திரையில் பட்டனைக் காட்டும்போதும் அந்த நிறத்தில்தான் காட்டுவார்கள். அங்கே நிறம் எழுத்தின் வேலையைச் செய்கிறது. அலங்காரத்துக்காக எழுத்தை அழிப்பது அழகாகாது. தண்ணீரில் படச்சுருள் மிதக்கவிட்டு முக்கி எடுக்கும் ஹைட்ரோ டிப்பிங்கும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நடுவில் படம் நன்றாக விழும். பிடியின் வளைவில் இழுபட்டு முகம் கோணிவிடும். 2016இல் மைக்ரோசாஃப்ட் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் டிசைன் லேபில் நமக்குப் பிடித்த நிறங்களைத் தேர்ந்து வாங்கலாம். அங்கே நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருப்பதால் உரியாது, உழைக்கும். ஆனால் அதில் அந்தக் கிணற்று ஆழம் கிடைக்காது.

கிளியர் நன்றாக இறுகுவதற்கு ஒரு வாரம் விட்டு, 2000 நம்பர் தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டார். பென்சில் புள்ளி வைத்த இடங்கள் அவருக்கு நினைவிருந்தன. அங்கெல்லாம் துணியைக் கூடுதலாக நாலு சுற்றுச் சுற்றினார்.

வீட்டுக்கு வந்து ஏழு திருகுகளையும் முடுக்கி, பையனிடம் கொடுத்தேன். நடுப் பட்டனை அழுத்தினான். அதைச் சுற்றிய வளையத்தில், முதல் ஆட்டக்காரனுக்கான மேல் இடது கால்வட்டம் பச்சையாக எரிந்தது. அந்தப் பச்சை, ஊதாவின்மேல் விழுந்து, கிளியருக்குள் கொஞ்ச தூரம் இறங்கி நின்றது. டிவியில் ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. அவன் இன்னும் குனிந்தபடியே இருந்தான்.