சாட்சியம் கேட்கும் சபை

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு 1947இல் அழைப்பின்றி வந்து நாடகம் நடத்திய எட்டுக் குழுக்களிலிருந்து தோன்றியது 'ஃப்ரிஞ்ச்' விழா. நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்யும் குழு அதற்கு இன்றும் இல்லை; அரங்கொன்றைப் பெற்றுக்கொள்ளும் எவரும் அங்கு நிகழ்த்தலாம். 2012 முதல் அவ்விழாவின் நிகழ்ச்சிக் கையேட்டில் 'ஸ்போக்கன் வேர்ட்' எனப்படும் நிகழ்த்துகவிதைக்குத் தனிப் பிரிவு உண்டு. நாடகம் பார்க்க வந்தோர் முன்னிலையில் கவிதை நிற்கும்போது சபை அதனிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதே இங்கு நமது வினா.

நாடகத்துக்கும் சபைக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. மேடையில் 'நான்' என்று பேசுவது நடிகர் அல்லர், பாத்திரமே என்பதை இரு தரப்பும் அறியும். நிகழ்த்துகவிதையில் இவ்வுடன்படிக்கை இல்லை. வேடமும் திரையுமின்றி ஒலிவாங்கியின் முன் நிற்பவர் கூறும் 'நான்' அவரேதான் என்று சபை கொள்கிறது. எனவே அது கற்பனையை விடுத்து வாக்குமூலத்தை எதிர்பார்க்கிறது.

இவ்வெதிர்பார்ப்பை வளர்த்ததில் 'ஸ்லாம்' எனும் கவிதைப் போட்டிக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில், கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித், 1986இல் கிரீன் மில் என்னும் ஜாஸ் இசைக்கூடத்தில் அதனை நிலைபெறச் செய்தார். சபையிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து நடுவர்கள் 0 முதல் 10 வரை புள்ளியிடுவர். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்படும். கவிஞருக்குக் கிடைப்பவை மூன்று நிமிடங்கள். அச்சிறு பொழுதில் அந்நியரின் உள்ளத்தை அசைக்க வேண்டியவர் தம் ஆறாத காயத்தை முன்வைப்பதில் வியப்பில்லை. சபையும் காயத்துக்குப் புள்ளியிடப் பழகிவிட்டது.

நாடக விழாவோ கவிஞருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தருகிறது. அதனைக் காயத்தால் மட்டும் நிரப்ப இயலாது; கதையும் கட்டமைப்பும் வேண்டும். லூக் ரைட் 'வாட் ஐ லேர்ன்ட் ஃப்ரம் ஜானி பெவன்' என்ற செய்யுள் நாடகத்தில் கற்பனை நண்பர் இருவரின் கதையைத் தனியொருவராக நிகழ்த்தினார். புதிய படைப்புகளுக்கு 'ஸ்காட்ஸ்மன்' நாளிதழ் வழங்கும் ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது 2015இல் அதற்குக் கிடைத்தது. வாக்குமூலம் அல்லாததையும் ஏற்கச் சபைக்கு இயலும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் இவ்வுரிமை எல்லாக் கவிஞர்க்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. சிறுபான்மையினர் ஒருவர் மேடையேறினால், அவரிடம் ஒரு சமுதாயத்தின் சாட்சியமே கேட்கப்படுகிறது. பிரித்தானியக் கவிஞர் சுஹைமா மன்சூர் கான், 2017இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் ஸ்லாம் போட்டியில் இக்கோரிக்கையையே கவிதைப் பொருளாக்கினார். முஸ்லிம்களும் மனிதர்களே என மெய்ப்பிக்கும் கவிதையைத் தர அவர் மறுத்தார். அம்மறுப்புக்குப் போட்டியில் இரண்டாம் இடம் கிடைத்தது. இணையத்தில் இலட்சக்கணக்கானோர் அதனைக் கண்டனர். இங்குதான் இடர் தொடங்குகிறது. மறுப்பும் கைதட்டலுக்குரிய வழக்கமாகிவிட்டால், அடுத்து வரும் முஸ்லிம் கவிஞரிடம் சபை அதனையே எதிர்பார்க்கும். அதே கவிஞர் 2024இல் லண்டன் கில்ன் அரங்கில் அளித்த நாடகம், இளம் முஸ்லிம்கள் இருவரின் காதற்கதை. மேடைக்கவிதை அவருக்குத் தரத் தயங்கிய உரிமையை, அதாவது தாமல்லாத ஒருவராகப் பேசும் உரிமையை, நாடகம் அளித்தது என நாம் கருதுகிறோம்.

செவியேற்பதற்குக் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்ற ஜுனைத் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்தாள்கிறார். அது ஆன்மிகப் பாடலைக் கேட்பது பற்றியது. எனினும் கேட்போருக்கும் ஒழுக்கம் உண்டு என்ற அதன் அடிப்படை இங்கும் பொருந்தும். காலத்தையும் இடத்தையும் விழா தந்துவிடுகிறது. தோழமையைச் சபையே கொண்டுவர வேண்டும். 'இது உமக்கு நேர்ந்ததா?' என்று மட்டும் கேட்கும் சபை விசாரணை மன்றமாகிவிடும். சொல் எவ்வாறு அமைந்தது, எதனை உணர்த்தியது என்றும் கேட்கும் சபையிடமே கவிஞர் தாம் விரும்பியதைப் பேச இயலும்.