ஒற்றைக் கோப்பான பைத்தான் நிரல்கள்

பைத்தான் மொழியில் எழுதப்படும் நிரல் வெறும் உரைக்கோப்பே. அதனை வாசித்து, பைட்கோடு எனப்படும் இடைநிலைக் குறியீடாக மாற்றி இயக்கும் இன்டர்பிரட்டர் என்னும் மென்பொருள் உடன் இல்லாவிடில் அது இயங்காது. விண்டோஸ் கணினிகளில் இன்டர்பிரட்டர் இயல்பாக நிறுவப்பட்டு வருவதில்லையாதலால், கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவருக்காக எழுதிய சிறு நிரலை அவரிடம் சேர்ப்பதற்கும், முதலில் பைத்தானையும் பின்னர் அந்நிரல் சார்ந்திருக்கும் நிரலகங்களையும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுதிகளையும்) உரிய பதிப்பில் அவருடைய கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. இந்த இடரை நீக்க எழுந்தவையே பை2எக்ஸ்இ, 2005இல் முதற்பதிப்பு கண்ட பைஇன்ஸ்டாலர் போன்ற கருவிகள். இவை நிரலை, இரட்டைச் சொடுக்கில் திறக்கும் இஎக்ஸ்இ கோப்பாக்கித் தருகின்றன.

பரவலாகப் புழங்கும் பைஇன்ஸ்டாலரின் செயல்முறையை நோக்கினால், இங்கு நடைபெறுவது மூட்டை கட்டும் வேலையே என்பது விளங்கும். சி மொழி நிரலைக் கம்பைலர் எந்திர ஆணைகளாக மாற்றுவதைப் போன்ற எதுவும் இதில் இல்லை. கருவியானது நிரலின் இம்போர்ட் கூற்றுகளைப் பின்தொடர்ந்து தேவையான நிரலகங்களைத் திரட்டி, அவற்றின் பைட்கோடையும் இன்டர்பிரட்டரையும் சேர்த்து, இவற்றையெல்லாம் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்னும் சிறு நிரலோடு பிணைத்துவிடுகிறது. ஒரே வரியை அச்சிடும் நிரலும் பல மெகாபைட்டாகப் பெருத்துவிடுவது இதனாலேயே.

பெறுபவர் பைத்தான் என்ற பெயரையே அறியாதிருக்கலாம். அவருடைய கணினியில் வேறு பதிப்பு இருந்தாலும் மோதல் எழாது. மென்பொருள் நிறுவும் உரிமை மறுக்கப்பட்ட அலுவலகக் கணினியிலும், இணையம் எட்டாத இடத்திலும், பென்டிரைவில் கொண்டுசென்ற கோப்பு பெரும்பாலும் இயங்கிவிடும். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும் விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸிலும் லினக்ஸுக்கானதை லினக்ஸிலும் தனித்தனியே உருவாக்கியாக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கும் வகைதான் பலரையும் கவர்கிறது. சிக்கல்கள் மிகுந்ததும் அதுவே. அக்கோப்பு ஒவ்வொரு முறை திறக்கப்படும்போதும், உள்ளிருப்பவை அனைத்தும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரிக்கப்பட்ட பிறகே நிரல் தொடங்குவதால், பெரிய நிரலகங்களைச் சார்ந்தவை திறக்கத் தாமதமாகின்றன. நிரல் முடிந்ததும் பூட்லோடர் அக்கோப்புறையை அழித்துவிடும். தான் இருக்கும் இடத்திலேயே அமைப்புக் கோப்பை எழுதிவைக்கும்படி ஒரு நிரல் வடிக்கப்பட்டிருந்தால், 'தன் இடம்' என்று அது கருதுவது பெரும்பாலும் இந்தத் தற்காலிகக் கோப்புறையாகவே அமைகிறது. பயனர் எழுத்தளவை மாற்றிச் சேமிக்கிறார். பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. மறுமுறை திறந்தால் பழைய அளவே நிற்கிறது. எழுதியவரின் கணினியில் உரைக்கோப்பாக ஓடும்போது இக்குறை தலைகாட்டுவதே இல்லை. எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் வைத்துத் தரும் மற்றொரு வகை, பார்வைக்குச் செம்மையற்றதாயினும் நடைமுறைக்கு உகந்தது. பைஇன்ஸ்டாலரே இயல்பாகத் தருவதும் அதைத்தான்.

இம்போர்ட் கூற்றுகளைப் படித்தறியும் முறைக்கும் எல்லையுண்டு. எந்த நிரலகம் வேண்டும் என்பதை நிரல் ஓடும்போதுதான் ஒரு மாறியின் மதிப்பு தீர்மானிக்கிறதென்றால், கருவியின் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது. விடுபட்டதை எழுதியவரே பெயர் சுட்டிச் சேர்க்க வேண்டும். இதைவிடக் கசப்பானது வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் ஐயம். தீங்குநிரல் எழுதுவோரும் இதே கருவியை நாடுவதாலும், அதனுடன் வரும் ஆயத்தப் பூட்லோடர் எண்ணற்ற கோப்புகளில் ஒரே மாதிரியாக இருப்பதாலும், குற்றமற்ற நிரலும் அந்த அடையாளத்தின் பேரில் தடுக்கப்படுகிறது. பூட்லோடரைத் தாமே புதிதாகக் கட்டிக்கொள்வதும் டிஜிட்டல் கையொப்பமிடுவதும் ஓரளவு உதவும். முழு உத்தரவாதம் எதுவுமில்லை.

மூல நிரலை மறைக்கலாம் என்னும் எண்ணத்தில் இம்முறையை நாடுவோர் ஏமாறுவர். மூட்டையைப் பிரித்துப் பைட்கோடை எடுக்கவும், அதிலிருந்து மூலத்தை ஏறக்குறைய மீட்கவும் இலவசக் கருவிகள் உள்ளன. பைட்கோடை மறையாக்கம் செய்ய பைஇன்ஸ்டாலர் ஒரு காலத்தில் தந்த வசதியும் 2023இல் வந்த 6.0 பதிப்பில் கைவிடப்பட்டது; திறக்கும் சாவியும் அதே கோப்பினுள் இருந்தாக வேண்டிய ஒன்றுக்கு அந்த முடிவு பொருத்தமானதே. நிரலைச் சி மொழிக்குப் பெயர்த்துக் கம்பைல் செய்யும் நுயிட்கா இவ்வகையில் ஒரு படி மேல் எனினும், உருவாக்கும் நேரம் வெகுவாகக் கூடுகிறது.

அதிகம் பேசப்படாத குறை, மூட்டைக்குள் அடைபட்டவை முதுமையடைவது. பைத்தானிலோ, மறையாக்கத்துக்குப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்திலோ பாதுகாப்பு ஓட்டை கண்டறியப்பட்டுத் திருத்தம் வெளிவந்தாலும், பயனரிடமுள்ள கோப்பில் பழைய பிரதியே நீடிக்கும். எழுதியவர் மீண்டும் கட்டி அனுப்பினாலன்றி அது மாறாது. விண்டோஸ் 7 இன்னும் ஓடும் அலுவலகங்களில் இது இரட்டிப்பாகிறது: 2020இல் வெளியான பைத்தான் 3.9 முதல் அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு நின்றுவிட்டது, 3.8க்கான திருத்தங்களும் 2024இல் முடிந்துவிட்டன. அத்தகைய கணினிக்காக இன்று கட்டப்படும் கோப்பு, கட்டும் நாளிலேயே காலாவதியான இன்டர்பிரட்டரைச் சுமந்துகொண்டுதான் புறப்படுகிறது.