ஏதென்ஸ் ஆந்தையும் சாபாவின் தராசும்

பிரிட்டிஷ் மியூசியம் 1922-இல் ஒரு நாணயப் பட்டியலை வெளியிட்டது. தொகுத்தவர் ஜார்ஜ் ஹில். 'அரேபியா, மெசபடோமியா, பாரசீகம் ஆகியவற்றின் கிரேக்க நாணயங்கள்' என்பது அதன் தலைப்பு. இன்றைய ஏமன் பகுதியில் இருந்த பண்டை அரசுகளின் வெள்ளிக் காசுகளும் அதில் இடம்பெற்றுள்ளன. நான் பௌதிக ஆசிரியன். நாணயவியலில் ஹில்லைக் குறை கூற எனக்குத் தகுதி போதாது. ஆயினும் 'கிரேக்க' என்னும் அந்த அடைமொழி உறுத்துகிறது.

பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் விற்றுச் செழித்த சாபா, கதபான் அரசுகள் தாமே காசு அடிக்கத் தொடங்கியபோது, ஏதென்ஸ் காசின் உருவங்களையே எடுத்துக்கொண்டன. ஒரு பக்கம் ஆதீனா தேவியின் தலை, மறுபக்கம் ஆந்தை. பார்த்தவுடன் 'போலி' என்றே தோன்றும்.

தராசில் வைத்தால் வேறு விதமாகத் தோன்றும். ஏதென்ஸின் திராக்மா ஏறத்தாழ 4.3 கிராம். ஆந்தை பொறித்த சாபாவின் முழுக்காசோ ஏறத்தாழ 5.5 கிராம். தேய்மானத்தால் காசின் எடை குறையுமே தவிர ஏறாது. கைத்தவறு என்றும் கூற இயலாது. அரைக்காசும் கால்காசும் இதே கணக்கில் அமைந்துள்ளன. 5.5 கிராம் என்பது பாரசீகப் பேரரசின் வெள்ளிக் காசான சிக்ளோசின் எடைக்கு மிக அருகில் உள்ளது. ஆக, படம் ஏதென்சிலிருந்து வந்தது. எடை அங்கிருந்து வரவில்லை.

மேலும், ஆதீனாவின் கன்னத்தில் ஒரு தென்னரேபிய எழுத்தைப் பொறித்தனர். முழுக்காசில் 'ந' ஒலிக்குரிய எழுத்து. சிறு காசுகளில் வேறு எழுத்துகள். அவை காசின் மதிப்பைக் காட்டும் குறிகள். தேவியின் கன்னத்திலேயே கணக்கு எழுதியவர்களை வெறும் நகல்காரர் என்று எப்படிச் சொல்வது?

'செம்பு கலந்து எடையைக் கூட்டியிருக்கலாமே' என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் கலப்பு எவ்வளவாயினும் எடைத்திட்டம் மாறாது. கலப்பை அறிய இன்று எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை பயன்படுகிறது. அது காசின் மேற்புறத்தை மட்டுமே காணும். மண்ணில் நெடுங்காலம் கிடந்த காசின் மேற்புறத்தில் செம்பு அரித்துப் போய்விடுவதால், வெள்ளியின் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். எந்த இடத்தில், எப்படிச் சோதித்தார்கள் என்று கூறாத சதவீதத்தை நான் நம்புவதில்லை.