அங்கிக்கு முந்திய அதிகாரம்

மயிலாடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கல் சிற்பம்தான் நினைவுக்கு வரும். சாமி சிலை செய்கிற ஊர். அதே ஊரில் ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சுமக்கிற சி.எஸ்.ஐ. ஆலயம் ஒன்றும் இருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேர் விட்ட இடம் அது. பெயர் வரிசையைக் கவனியுங்கள். வெள்ளைக்கார ஐயர் முதலில். அவரைக் கூட்டி வந்த பறையர் இரண்டாவது. இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது.

ஞாயிறு பள்ளியில் "இந்த ஊருக்கு வேதத்தைக் கொண்டு வந்தது யார்?" என்று கேட்பார்கள். "ரிங்கல்தௌபே ஐயர்" என்று ஒப்பிப்போம். வீட்டுக்கு வந்து சொன்னால் பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்பாள்: "அந்த ஐயரெக் கூட்டீட்டு வந்தது ஆருலே? நம்ம ஆளுல்லா!" எனக்குக் கிடைத்த முதல் வரலாற்று விமர்சனம் அதுதான்.

இரண்டாவது பாடம் வேறொரு ஊர்ச் சபையில் கிடைத்தது. பெயர் வேண்டாம். மத்தேயு இருபத்தோராம் அதிகாரத்தைப் பற்றிப் பேச வாலிபர் சங்கத்தார் என்னை அழைத்திருந்தார்கள். பீடத்தில் ஏறப்போன நேரம் மூப்பர் ஒருவர் மறித்தார். "ஓய், நீரு செமினரி படிச்சவரா? ஒம்மெ ஆரு ஏறச் சொன்னது?" நான் பேசப்போன பகுதியே அதுதான் என்பதை அவர் அறியவில்லை. இயேசு ஆலயத்துக்குள் புகுந்து காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்த பிறகு, பிரதான ஆசாரியரும் ஜனத்தின் மூப்பரும் வந்து, இதற்கெல்லாம் உமக்கு உரிமை தந்தது யார் என்று கேட்கிற இடம். அன்று நான் கீழே நின்றே பேசினேன்.

இந்தப் பகுதியை நம் பீடங்களில் எப்படி வாசிக்கிறார்கள்? "யூதர்கள் இயேசுவை ஏற்கவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். இது வசதியான வாசிப்பு. குற்றவாளி எங்கோ பாலஸ்தீனத்தில் இருக்கிறான், நாம் தப்பித்தோம். உண்மை என்ன? கேட்டவர்களும் யூதர், கேட்கப்பட்டவரும் யூதர், சுற்றி நின்று ரசித்த ஜனமும் யூதர். இது இரண்டு மதங்களின் சண்டை அல்ல. ஒரே வேதத்தை வைத்திருந்தவர்களுக்குள், ஆலயத்தைக் கையில் வைத்திருந்தவனுக்கும் கலிலேயாவிலிருந்து வந்த தச்சனுக்கும் நடந்த சண்டை.

அந்தச் சண்டை யூத மரபுக்குள் பழையது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸ் என்ற ஒருவன், ஆடுமாடு மேய்த்து, காட்டத்திப் பழம் பக்குவம் பண்ணிப் பிழைத்தவன், பெத்தேலில் போய் நின்று ராஜாவையும் பணக்காரரையும் வைதான். அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா என்ன சொன்னான்? இது ராஜாவின் ஸ்தலம், நீ யூதாவுக்கு ஓடு, அங்கே தீர்க்கதரிசனம் சொல்லிச் சோறு தின்னு என்றான். சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை. நீ யார், எதற்காகச் சொல்கிறாய், சோற்றுக்குத்தானே என்றுதான் கேட்டான். ஆமோஸோ, நான் தீர்க்கதரிசியும் இல்லை, தீர்க்கதரிசியின் மகனும் இல்லை என்று ஒப்புக்கொண்டான். சான்றிதழ் இல்லாததையே தன் பலமாக்கிக்கொண்டான்.

இயேசுவும் சான்றிதழ் காட்டவில்லை. யோவான் கொடுத்த ஸ்நானம் எங்கிருந்து வந்தது, வானத்திலிருந்தா மனுஷரிடமிருந்தா என்று திருப்பிக் கேட்டார். யோவான் ஆசாரியனுக்குப் பிறந்தும் ஆலயத்தை விட்டு வனாந்தரத்துக்குப் போனவர். கேட்க வந்தவர்கள் ஜனத்துக்குப் பயந்து, தெரியாது என்றார்கள். அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அவர்கள் வரவில்லை. அது எங்கிருந்து வரக்கூடாது என்பதில்தான் அவர்களுக்குக் கவலை.

இனி மயிலாடிக்கு வருவோம். மகாராசன் சாம்பவர் குலத்தவர். 1799 வாக்கில் சிதம்பரத்துக்கு யாத்திரை போகிறார். பறையனுக்குச் சிதம்பரம் என்ன இடம் என்று நந்தன் கதை சொல்லும். சேக்கிழார் நந்தனைத் தீயில் இறக்கி, பார்ப்பன முனிவராக்கித்தான் உள்ளே விடுகிறார். மகாராசன் தீயில் இறங்கவில்லை, திரும்பி நடந்தார். கனவு கண்டார் என்று சபை மரபு சொல்லும். தஞ்சைக்குப் போய் கோலாஃப் ஐயரின் போதனையைக் கேட்டு, வேதமாணிக்கம் என்று பெயர் பெற்று ஊர் வந்து சேர்கிறார். தானே சொல்லிக்கொடுக்கிறார், தானே ஆள் சேர்க்கிறார். பிறகு கிழக்குக் கரைக்குப் போய், லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபேயை வரச் சொல்லி அழைக்கிறார். 1806-இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழி வழியாக வருகிறார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுகிறது.

அப்படியானால் 1799-க்கும் 1806-க்கும் இடையில் மயிலாடியில் இருந்தது என்ன? ஐயர் இல்லை, அங்கி இல்லை, மிஷன் இல்லை. ஆனால் சபை இருந்தது. ஐ. எச். ஹேக்கர் 1908-இல் வெளியிட்ட மிஷன் வரலாறு, நூறு ஆண்டை 1806-லிருந்து 1906 வரை என்று தலைப்பிலேயே எண்ணுகிறது. வேதமாணிக்கம் உள்ளே வருகிறார். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது வெள்ளைக்காரர் காலடி பட்ட பிறகுதான். ஏழு வருஷம் கணக்கில் இல்லை. இது கைப்பிழையல்ல. அதிகாரம் மேலிருந்துதான் இறங்கும் என்று நம்புகிறவன் வேறு எப்படி எண்ணுவான்?

இவர்கள் ஊழிய வேலையிலிருந்தும் தலைவரியிலிருந்தும் தப்பிக்கத்தான் வேதத்துக்கு வந்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அன்றே உண்டு. வந்தவர்களின் நோக்கத்தைப் பற்றி ரிங்கல்தௌபேயே சலித்துக்கொண்டதுண்டு. எகிப்தில் செங்கல் சூளையில் வெந்தவன் விடுதலை கேட்டால் அது வேதம், நாஞ்சில் நாட்டுச் சேரிக்காரன் கேட்டால் அது வயிறு! அமத்சியா இன்னும் சாகவில்லை.

1816-இல் ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போனார். போகுமுன் தன் அங்கியை வேதமாணிக்கத்துக்குப் போர்த்திப் பொறுப்பை ஒப்படைத்தார் என்று சொல்வார்கள். 1818-இல் சார்லஸ் மீட் வரும்வரை சபைகளைக் காத்தவர் வேதமாணிக்கம். மீட் வந்தார், தலைமையிடம் நாகர்கோவிலுக்குப் போனது, அதிகாரம் மறுபடி வெள்ளை ஐயர்மார் கைக்குப் போனது. அதே மீட் 1850-களின் தொடக்கத்தில் பறையர் சமூகத்துப் பெண்ணை மணந்தபோது சக மிஷனரிகள் பொறுக்கவில்லை. அவர் மிஷனை விட்டு விலகி அரசாங்கப் பள்ளி வேலைக்குப் போகவேண்டி வந்தது. பறையர் அழைத்துத் தொடங்கிய மிஷன், பறையர் வீட்டில் சம்பந்தம் வைத்தவரை வைத்திருக்கவில்லை.

இங்கே நம்மவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். நாம் மேடைதோறும் அந்த அங்கியைக் காட்டுகிறோம். "வெள்ளைக்காரனே எங்க ஆளுக்கு அங்கி போட்டான்" என்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது மூப்பரின் கேள்விக்கு மூப்பர் விரும்பும் பதிலைத்தான் தருகிறோம். அங்கி கொடுத்தவனுக்கு அதை எடுக்கவும் தெரியும். 1818 அதைக் காட்டிவிட்டது. எடுக்க முடியாதது அந்த ஏழு வருஷம்தான். அதை யாரும் கொடுக்கவில்லை.

பாட்டி இன்று இல்லை. அந்த ஞாயிறு பள்ளிக் கேள்விக்கு என் பிள்ளைகளுக்கு வேறு பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் தப்பென்று போட்டால் போடட்டும். அடுத்த முறை யாராவது என்னைப் பார்த்து, ஒம்மெ ஆரு ஏறச் சொன்னது என்று கேட்டால் கீழே நிற்கமாட்டேன். 1799-இல் மயிலாடியில் பீடம் எங்கே இருந்தது என்று திருப்பிக் கேட்பேன்.