ஐபிராத்து நதியும் கறுப்புக் குதிரையும்

வெளிப்படுத்தின விசேஷம் தமிழில் முதலில் அச்சேறிய இடம் காவிரிப் படுகையின் கடலோரம். 1715ல் தரங்கம்பாடியில் ஸீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது அதன் கடைசிப் புத்தகமாக இதுவும் வந்துவிட்டது. முன்னூறு வருஷங்களுக்கு மேலாக இந்த மண்ணில் இருக்கிற புத்தகத்தை நாம் இன்னும் ஒரு புத்தகமாகப் படிக்கவில்லை என்பது என் கட்சி. இலக்கியக்காரர்கள் அதைத் தொடுவதில்லை, அது சர்ச் விவகாரம் என்று. சர்ச்சில் இருப்பவர்களோ அதை ஒரு பஞ்சாங்கமாக ஆக்கிக்கொண்டார்கள். அந்தப் பஞ்சாங்கம் ஒரு அரசியல் பார்வையாகவும் வேலை செய்கிறது. இதுதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக் கூட்டப் பந்தல்களில் கேட்கக் கிடைக்கிற வாசிப்பு உள்ளூர்ச் சரக்கல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டார்பி என்பவர் போட்ட திட்டம். 1909ல் அமெரிக்காவில் ஸ்கோஃபீல்டு அதை வேதாகமத்தின் அடிக்குறிப்பாக ஏற்றினார். 1970ல் ஹால் லிண்ட்ஸே அதைச் செய்தித்தாளோடு தைத்து லட்சக்கணக்கில் விற்றார். மிருகத்தின் பத்துக் கொம்புகள் ஐரோப்பியப் பொதுச்சந்தை. 1981ல் கிரீஸ் பத்தாவது உறுப்பினராகச் சேர்ந்ததும் கணக்கு நேராகிவிட்டது என்று சந்தோஷம். 1986ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் வந்து பன்னிரண்டாயிற்று. கூடுதல் கொம்புகளை என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். கோகு என்பது சோவியத் ரஷ்யா. 1991ல் சோவியத் மறைந்தது, கோகு மறையவில்லை. பொய்த்துப்போவதால் இந்த வாசிப்புக்கு எந்தச் சேதமும் இல்லை. ஏனென்றால் அது பிரதியைச் சார்ந்து நிற்கவில்லை. பூட்டுக்குச் சாவி தேடுகிற காரியம் அது. ஒரு சாவி சேராவிட்டால் கொத்தில் இன்னொன்று இருக்கிறது.

இதைக் கேட்கப் போகிறவனை ஏளனம் செய்வது சுலபம். ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க இடமில்லாதவனுக்கு, உலகத்தின் பெரிய தலைகளெல்லாம் எதன் கைப்பாவைகள் என்று தனக்குத் தெரியும் என்ற நினைப்பு சாமானியமான லாபமல்ல. அரசாங்கத்தை மிருகம் என்று கூசாமல் அழைக்கும் நூல் வேறெதுவும் அவன் கைக்கு வந்ததில்லை. ரோமின் கெடுபிடியில், பத்மு தீவில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த ஒருவன் எழுதியது. அந்த உஷ்ணம் பத்தொன்பது நூற்றாண்டு கடந்தும் ஆறவில்லை. ஆனால் பந்தலில் என்ன நடக்கிறது? மிருகம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது, மாஸ்கோவில் இருக்கிறது, பாக்தாதில் இருக்கிறது. தாலுகா ஆபீசில் இருப்பதே இல்லை.

பதினாறாம் அதிகாரத்தில் ஐபிராத்து நதி வற்றுகிறது, கிழக்கத்திய ராஜாக்களுக்கு வழிவிட. 1990 ஜனவரியில் துருக்கி தன் அட்டாதுர்க் அணையை நிரப்ப அந்த நதியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. தீர்க்கதரிசன வியாபாரிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதே வருஷம் ஜூன் 2ந் தேதி காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 1991ல் இடைக்கால உத்தரவு 205 டி.எம்.சி.; 2007 தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் தரவேண்டியது 192; 2018ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. திருவாரூர்க்காரனுடைய குறுவை இருக்குமா இருக்காதா என்று சொல்லுகிற இலக்கங்கள் இவை. 666 அல்ல. மேட்டூர் திறக்காத ஒரு ஜூன் மாதத்தில், வெடித்த வயல் பக்கத்தில் உட்கார்ந்து, அடையாளத்துக்காக இன்னொருத்தன் நதியைப் பார்க்கச் சொல்லித் தருகிற வாசிப்பு இது. பார்வையையே இடம்பெயர்த்துவிடுகிறது. நடக்கவேண்டியது எழுதியபடி நடந்துதானே தீரும் என்றால், ஆற்றுக்காக யாரோடு மல்லுக்கு நிற்பது?

தமிழில் வருங்காலம் சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வடிவம் உண்டு. அது குறவஞ்சி. குறத்தி வந்தவுடன் குறி சொல்லிவிடுவதில்லை. தன் மலையைச் சொல்வாள், அருவியைச் சொல்வாள், நாடு நகரம் எல்லாம் சொல்லி, பிறகுதான் எதிரில் நிற்பவளின் கையைப் பிடித்து ரேகையைப் பார்ப்பாள். நிலம் தெரியாதவள் குறி சொல்ல லாயக்கில்லை என்பது அந்த வடிவத்தின் உள்ளிருக்கும் விதி. சரபோஜி காலத்துத் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி செய்தபோது இதை உணர்ந்தே செய்தார் என்று படுகிறது. அவருடைய சீயோன் குமாரத்தி தஞ்சாவூர்ப் பாட்டுக்குப் பழகியவள். யூதேயாவை இங்கே கொண்டுவரத் தெரிந்த ஒருவர் இருந்த ஊரில், இன்று நம்மை யூதேயாவுக்குக் கடத்திக்கொண்டு போகிறார்கள்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். வழக்கிலிருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் ஏடு மூடப்பட்டிருப்பதும் முத்திரை, தேவனுடைய ஊழியர் நெற்றியில் இடுவதும் முத்திரை, மிருகம் இடுவதும் முத்திரை. கிரேக்கத்தில் முதல் இரண்டும் ஒரு சொல். மிருகத்தினுடையது வேறு சொல், ரோமச் சக்கரவர்த்தியின் பெயரைப் பத்திரங்களில் குத்தும் அச்சுக்கும் வழங்கிய சொல். தமிழ் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தவறு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது தமிழ் அனுபவத்துக்கு உண்மையாகவே படுகிறது. சோழர் காலத்தில் தேவரடியாருக்குச் சூலக்குறி இடுவதுண்டு. முதல் குலோத்துங்கன் காலத்துக் காளத்திக் கல்வெட்டு ஒன்றில் ஒரு விவகாரம்: கோயில் பெண்கள் சிலருக்கு அரண்மனை இலச்சினையைப் பொறித்துவிட்டார்கள். முறையீட்டின் பேரில் அதை அழித்துச் சூலம் பொறித்தார்கள். ஒரே தோலில் இரண்டு முத்திரை. ராஜாவுடையதா சாமியுடையதா என்பது வழக்கு. அந்தப் பெண்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படிக்க இந்தக் கல்வெட்டு போதும், கணிப்பொறி தேவையில்லை.

ஆனால் கணிப்பொறியும் வந்தது. 2010ல் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டபோது, இதோ அந்த முத்திரை என்றார்கள். மிசோரமில் விசுவாசத்தின் பெயரால் மறுத்தவர்களும் உண்டு. எதையோ சரியாக மோப்பம் பிடித்திருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கவும் விற்கவும் இலக்கம் வேண்டும் என்பது ரேஷன் கடையில், நெல் கொள்முதல் நிலையத்தில், பிரத்யட்சம். நாற்று நட்டு ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காமல் திரும்புகிற கிழவிகள் இருக்கிறார்கள். ஆனாலும் உச்ச நீதிமன்றம் போனவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2018ல் தனியார் கம்பெனிகள் அந்த எண்ணைக் கேட்கும் வழியையாவது அந்த வழக்கு அடைத்தது. அவருக்கு வேண்டியிருந்தது அரசியல் சட்டம். தானியேல் தீர்க்கதரிசி அல்ல. போகட்டும், 1950ம் வருஷத்து ஜனாதிபதி ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். சேரியில் அதே தெருவில் அதே சாதியில் பிறந்தவன், காகிதத்தில் கிறிஸ்தவன் என்று எழுதினால் அட்டவணை சாதி இல்லை. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் கதவு திறந்தது, இவனுக்கு இல்லை. பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேரின் நெற்றியில் இருக்கிற முத்திரை இது. இதைப் பற்றி ஒரு தீர்க்கதரிசியும் பேசக் காணோம்.

கறுப்புக் குதிரைதான் மிச்சம். நாலு குதிரைகளில் சிவப்புக்குத்தான் மவுசு, யுத்தம் என்பதால். மூன்றாவதான கறுப்புக் குதிரை மேல் வருகிறவன் கையில் வாள் இல்லை, தராசு. ஒரு குரல் தானிய விலை சொல்கிறது. ஒரு தினாரியத்துக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு வாற்கோதுமை என்று. தினாரியம் ஒரு நாள் கூலி. அந்த அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர், ஓர் ஆள் ஒரு நாளைக்குத் தின்பது. நாளெல்லாம் உழைத்தால் தன் வயிறு மட்டும். பெண்டாட்டி பிள்ளைக்கு வேண்டுமானால் மட்டமான தானியம். தமிழில் பெயர்த்தவர் தினாரியத்தைப் பணம் என்றும் அளவைப் படி என்றும் போட்டார். படி! மரக்காலும் படியும் கொண்டு களத்தில் கூலி நெல் அளந்த இந்தப் பிரதேசத்தில் அந்தச் சொல் விழுந்தபோது அது தீர்க்கதரிசனமாக இல்லை, நடப்பாக இருந்தது. கூலியாக அளக்கும் நெல்லை உயர்த்தச் சொல்லிக் கிளம்பிய போராட்டத்தின் பின்னால், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். கிறிஸ்துமஸ் இரவு. வழக்கில் மிராசுதாரர்கள் 1973ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

நம்மவர்கள் மட்டும் ஒழுங்கா? 1975ல் வந்த ‘குருதிப்புன’லில் இந்திரா பார்த்தசாரதி அந்தப் படி நெல்லை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பண்ணையாரின் ஆண்மைக் குறைவை வைத்தார். கொம்புக்குப் பதில் பொதுச்சந்தை வைப்பவனுக்கும் இதற்கும் முறையில் வித்தியாசம் இல்லை. கண்ணெதிரே இருப்பது போதாது, அதன் பின்னால் ஒரு சாவி வேண்டும். புதுக்கவிதையைக் கையில் எடுத்தவுடன் ‘இந்தக் காகம் எதைக் குறிக்கிறது’ என்று ஆரம்பிக்கும் விமர்சகர்கள் பந்தலுக்குப் போவதில்லை. போனால் வசதியாக உணர்வார்கள்.

தானிய விலை சொன்ன குரல் அத்தோடு நிற்கவில்லை. எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் சேதம் வரக்கூடாது என்றும் உத்தரவிடுகிறது. ஏழை தின்னும் தானியம் எட்டாத விலைக்குப் போகிறபோது, தோப்பு வைத்திருக்கிறவனுடைய சரக்குக்கு மட்டும் காவல். யாருடைய குரல் அது என்று யோவான் சொல்லவில்லை. நான்கு ஜீவன்களின் நடுவிலிருந்து வந்தது என்பதோடு விட்டுவிட்டான். பந்தலில் யாரும் அதைக் கேள்வியாக எழுப்பி நான் கேட்டதில்லை.