கொழுந்துக் கூடையும் கூலிக் கணக்கும்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். அப்பழமொழியின் பொய்மையைத் தமது நாவலின் பெயரிலேயே சுட்டினார் கோகிலம் சுப்பையா. 1964-ல் வெளிவந்த ‘தூரத்துப் பச்சை’, தேயிலைப் பசுமைக்குப் பின்னே மறைந்த பெண்ணின் துயரைக் காட்டிற்று. 1930-களிலேயே புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ மருதிக்காக நம்மைக் கலங்க வைத்தது. அந்த இரக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயின் இரக்கம் மட்டும் போதுமா?

1984 வரை ஆணைவிடக் குறைந்த கூலிக்கே தோட்டத்துப் பெண் கொழுந்தெடுத்தாள். லயத்துக்குத் திரும்பினால், அடுப்படியில் கூலியே இல்லாத உழைப்பு காத்திருந்தது. தொழிலாளரிடையே பாடி, 1940-ல் தம் பாடல்களை நூலாக்கிய மீனாட்சியம்மாள் அழுதவரல்லர், உரிமை கேட்டவர். அட்டனிலும் நுவரெலியாவிலும் எழுதும் இளைஞரிடம் நாம் எதிர்பார்ப்பது அத்தகைய பெண்ணையே: முதுகிலே கூடை, நாவிலே கூலிக் கணக்கு.